நுண்துளைகளை அளந்தவர்

நுழையும்முன்

கைப்பிடி அளவு சிலிக்கா ஜெல்லுக்குள் ஒரு கால்பந்துத் திடலின் பரப்பு மறைந்திருக்கிறது. அப்பரப்பு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளின் சுவர்களாக உள்ளது. உரத் தொழிற்சாலையும் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலையும் இத்தகைய சுவர்களை நம்பியே இயங்குகின்றன. காண இயலாத அத்துளைகளை அளக்க வழி கண்டவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. அளவையின் துணையின்றி எதனையும் ஏற்காத அவர், தம் நேர்மையைப் பிறர் ஐயத்தால் மட்டுமே எடைபோட்ட காலத்தையும் கடக்க நேர்ந்தது.

இளமையும் கல்வியும்

வேதியியல் பயிலும் மாணவர் எவரும் 'பி.இ.டி. முறை' என்னும் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். புருனாயர், எம்மெட், டெல்லர் என்னும் மூவர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது அப்பெயர். அம்மூவருள் முதலாமவரான ஸ்டீபன் புருனாயர் 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புதாபெஸ்டில் பிறந்தார்.

அவரது பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி முதல் உலகப்போரின் நிழலில் கழிந்தது. போரில் தோற்ற ஹங்கேரி, அடுத்தடுத்த ஆட்சி மாற்றங்களால் நிலைகுலைந்தது. 1920இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. இத்தகைய சூழலில், 1921இல் பதினெட்டு வயது இளைஞராகப் புருனாயர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். புதிய நாட்டில் கல்வியைத் தொடர்ந்து, 1925இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இளந்தொழிலாளர்களுக்கான இடதுசாரி அமைப்பு ஒன்றில் சில காலம் உறுப்பினராக இருந்தார். பின்னர் அதன் போக்கில் உடன்பாடின்றி விலகினார். இருபது வயதை ஒட்டிய அச்சிறு தொடர்பு, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின்னர்த் தம் வாழ்வைப் புரட்டிப்போடும் என்பதை அவர் அப்போது எண்ணியிருக்க இயலாது.

நைட்ரஜன் ஆய்வகம்

1928இல் வாசிங்டன் நகரில் இயங்கிவந்த நைட்ரஜன் நிலைநிறுத்தல் ஆய்வகத்தில் புருனாயர் பணியில் சேர்ந்தார். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கிய இவ்வாய்வகத்தின் முதன்மை நோக்கம், காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் முறையைச் செம்மைப்படுத்துவதாகும். பணியில் இருந்தவாறே ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1933இல் ஜான்ஸ் ஆப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இதற்கிடையே 1931இல், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றிருந்த எஸ்தர் காக்கின் என்னும் அறிஞரை மணந்தார்.

ஆய்வகத்தில் அவருக்கு வாய்த்த துணைவர் பால் எம்மெட். இருவரும் ஆராய்ந்த பொருள் இரும்பு வினைவேகமாற்றி. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வளிமம் உயர் அழுத்தத்திலும் உயர் வெப்பநிலையிலும் இரும்புத் துகள்களின்மீது செலுத்தப்படும்போது அம்மோனியா உருவாகிறது. வினை நிகழுமிடம் இரும்பின் புறப்பரப்பே ஆகும். உள்ளே புதைந்துள்ள இரும்பணுக்கள் வினையில் பங்கேற்பதில்லை. இரும்புடன் சிறிதளவு அலுமினியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் உயர்த்திகளாகச் சேர்க்கப்பட்டால் வினை விரைந்து நிகழ்வதை அறிவியலாளர் முன்னரே அறிந்திருந்தனர்.

ஆயின் அதன் காரணம் தெளிவாகவில்லை. உயர்த்திகள் இரும்பின் பரப்பை மிகுவிக்கின்றனவா? அன்றி, பரப்பின் ஒவ்வொரு பகுதியின் செயல்திறனையும் கூட்டுகின்றனவா? இவ்வினாவிற்கு விடை காண, ஒரு கிராம் வினைவேகமாற்றியின் புறப்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். வெளித்தோற்றத்தை அளந்தால் போதாது. கடற்பஞ்சினைப் போல உள்ளெங்கும் துளைகள் நிறைந்த பொருளின் பரப்பை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது. நுண்ணோக்கியும் அன்று அத்துணை ஆழம் காணவில்லை.

மூலக்கூறே அளவுகோல்

அளவுகோல் நுழைய முடியாத இடத்தில் வளிம மூலக்கூறு நுழையும். அம்மூலக்கூறுகளையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது புருனாயரும் எம்மெட்டும் மேற்கொண்ட வழியின் அடிப்படை. ஒரு தரையில் ஒரே அளவுள்ள நாணயங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் எண்ணிக்கையை ஒரு நாணயம் கொள்ளும் இடத்தால் பெருக்கினால் தரையின் பரப்பு கிடைத்துவிடும். இங்கே நாணயத்தின் இடத்தில் நைட்ரஜன் மூலக்கூறு அமைந்தது.

இரும்புத் துகள்களை வெற்றிடத்தில் வைத்து, அவற்றில் ஒட்டியிருந்த வளிமங்களை அகற்றினர். பின்னர் அவற்றை நைட்ரஜன் திரவமாகும் வெப்பநிலையான -195.8 டிகிரி செல்சியசை ஒட்டிக் குளிர்வித்தனர். நைட்ரஜன் வளிமத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வோர் அழுத்தத்திலும் எவ்வளவு வளிமம் பரப்பின்மீது படிகிறது என்பதைக் கணக்கிட்டனர். ஆர்கான், கார்பன் டைஆக்சைடு, பியூட்டேன் போன்ற பிற வளிமங்களைக் கொண்டும் அவ்வவற்றிற்குரிய தாழ்ந்த வெப்பநிலைகளில் இதே சோதனையைச் செய்தனர்.

கிடைத்த சமவெப்பநிலைக் கோடுகள் முதலில் விரைந்து உயர்ந்து, இடையில் நேர்க்கோடாகச் சென்று, இறுதியில் மீண்டும் செங்குத்தாக எழுந்தன. நேர்க்கோட்டுப் பகுதி தொடங்கும் இடத்தில் மூலக்கூறுகளின் முதல் அடுக்கு நிறைவு பெறுகிறது என அவர்கள் கருதினர். வெவ்வேறு வளிமங்களைக் கொண்டு கணக்கிட்ட பரப்புகள் பெரும்பாலும் ஒத்திருந்தமை அக்கருத்திற்கு வலுச்சேர்த்தது.

எனினும், அது பட்டறிவால் எட்டிய முடிவே. கோட்பாட்டின் துணை அதற்கு இல்லை. புறப்பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர், ஒரேயோர் அடுக்காக மூலக்கூறுகள் படிவதற்கான சமன்பாட்டை முன்னரே வகுத்திருந்தார். ஆனால், இங்கே ஓரடுக்கின்மேல் பல அடுக்குகள் படிந்தன. அதனை விளக்கும் சமன்பாடு தேவைப்பட்டது.

மூவர் கண்ட சமன்பாடு

அந்நாளில் ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்டு டெல்லரும் புதாபெஸ்டில் பிறந்தவர். இயற்பியலாளரான அவரிடம் இச்சிக்கல் சென்றது. மூவரின் கூட்டு முயற்சியால் உருவான கட்டுரை 1938இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

அவர்களது கருதுகோள் எளிமையானது. முதல் அடுக்கிலுள்ள மூலக்கூறுகளைத் திண்மத்தின் பரப்பு ஈர்த்துப் பிடிக்கிறது. இரண்டாம் அடுக்கும் அதற்கு மேலுள்ளவையும் தமக்குக் கீழுள்ள மூலக்கூறுகளின்மீதே படிவதால், வளிமம் திரவமாகும்போது வெளிப்படும் அதே அளவு வெப்பத்தையே வெளிவிடுகின்றன. இக்கருதுகோளிலிருந்து பெற்ற சமன்பாட்டை வரைபடமாக்கினால், குறைந்த அழுத்தப் பகுதியில் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். அதன் சாய்வும் வெட்டுத்துண்டும் முதல் அடுக்கை நிரப்பத் தேவையான வளிமத்தின் அளவைத் தந்துவிடும்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறு பரப்பில் கொள்ளும் இடம் 0.162 சதுர நானோமீட்டர். எனவே, முதல் அடுக்கை நிரப்பத் திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் நைட்ரஜன் தேவைப்பட்டால், அப்பொருளின் பரப்பு ஏறத்தாழ 4.35 சதுர மீட்டராகும். பரப்பு எங்கும் ஒரே தன்மையுடையது என்பதும், ஓரடுக்கிலுள்ள அண்டை மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்பதும் முழுமையான உண்மைகள் அல்ல. இக்குறைகள் பலரால் சுட்டப்பட்டன. எனினும் எளிதில் செய்யத்தக்கதாகவும், மீண்டும் செய்தாலும் அதே விடையைத் தருவதாகவும் அமைந்ததால் இம்முறை உலகெங்கும் நிலைபெற்றது.

உயர்த்திகள் பற்றிய வினாவிற்கும் விடை கிடைத்தது. உயர்த்தியாகச் சேர்த்த அலுமினியம் ஆக்சைடு இரும்பின் பரப்பைப் பெருக்கியது. மேலும், கார்பன் மோனாக்சைடு இரும்பணுக்களின்மீது வேதிப் பிணைப்பால் படியும் இயல்பைப் பயன்படுத்தி, பரப்பில் இரும்பு எவ்வளவு, உயர்த்தி எவ்வளவு எனப் பிரித்தறிந்தனர். எடையில் மிகச் சிறுபங்காகச் சேர்த்த உயர்த்திகள் பரப்பின் கணிசமான பகுதியை மூடியிருந்தமை அப்போது தெரியவந்தது.

பரப்பிலிருந்து துளைக்கு

பரப்பை அறிந்தால் மட்டும் வினைவேகமாற்றியின் இயல்பு முழுமையாக விளங்குவதில்லை. வினைபடு மூலக்கூறு துளைக்குள் நுழைய வேண்டும். சுவரில் வினைபுரிய வேண்டும். விளைபொருளாக வெளியேறவும் வேண்டும். துளைகள் மிகக் குறுகியிருந்தால் பெரிய மூலக்கூறுகள் வாயிலிலேயே தடைப்படும். உள்ளிருக்கும் பரப்பு பயனின்றிப் போகும். துளைகள் மிக அகன்றிருந்தால் மூலக்கூறுகள் எளிதில் சென்றுவரும். ஆனால் பரப்பு குறைந்துவிடும். ஆதலால், துளைகளின் அளவை அறிவது பரப்பை அறிவதற்கு இணையான தேவையாயிற்று.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. துளைகளின் மொத்தக் கொள்ளளவும் சுவர்களின் பரப்பும் தெரிந்தால், துளைகளை உருளைகளாகக் கருதிச் சராசரி விட்டத்தைக் கணக்கிடலாம். கொள்ளளவின் நான்கு மடங்கைப் பரப்பால் வகுக்க வேண்டும். சான்றாக, ஒரு கிராம் பொருளின் துளைக் கொள்ளளவு 0.5 கன சென்டிமீட்டராகவும், பரப்பு 400 சதுர மீட்டராகவும் இருப்பின், சராசரி விட்டம் 5 நானோமீட்டர் ஆகும்.

சராசரி மட்டும் அறிந்தால், எவ்வளவு துளைகள் குறுகியவை, எவ்வளவு அகன்றவை என்பது தெரியாது. அதற்கு நுண்புழை ஒடுக்கம் என்னும் நிகழ்வு துணைசெய்கிறது. குறுகிய துளைக்குள் வளிமம், தன் இயல்பான நிறைவுற்ற ஆவி அழுத்தத்திற்குக் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். துளை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறைந்த அழுத்தம் போதும். இத்தொடர்பைக் கெல்வின் பிரபு 1871இல் சமன்பாடாக வகுத்திருந்தார். நைட்ரஜனைப் பொறுத்தவரை, நிறைவுற்ற ஆவி அழுத்தத்தின் பாதியில் ஏறத்தாழ 4 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகளும், பத்தில் ஒன்பது பங்கில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகளும் நிரம்பியிருக்கும். எனவே, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் வெளியேறும் நைட்ரஜனை அளந்தால், எந்த அளவுத் துளைகளுக்கு எவ்வளவு கொள்ளளவு உண்டு என்னும் பகிர்வு கிடைக்கும்.

1940இல் புருனாயரும் டெல்லரும் வேறு இருவருடன் இணைந்து, சமவெப்பநிலைக் கோடுகளை அவற்றின் வடிவத்தைக் கொண்டு ஐந்து வகைகளாகப் பகுத்தனர். அவ்விருவர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் அவர்தம் துணைவியார் லோலா டெமிங்கும் ஆவர். எட்வர்ட்ஸ் டெமிங் பிற்காலத்தில் சப்பானின் தொழில்துறைக்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்துப் புகழ்பெற்றவர். ஒரு பொருளில் துளைகள் இல்லையா, மிகக் குறுகிய துளைகள் உள்ளனவா, இடைப்பட்ட துளைகள் உள்ளனவா என்பதைக் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே உய்த்துணர இப்பகுப்பு வழிவகுத்தது. இத்துறையில் தாம் கண்டவற்றையும் பிறர் கண்டவற்றையும் தொகுத்து, வளிமங்களின் பரப்புக் கவர்தல் பற்றிய விரிவான நூலொன்றைப் புருனாயர் எழுதினார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஈடுபட்டபின், 1942இல் புருனாயர் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்தார். வெடிபொருள் ஆராய்ச்சிப் பிரிவொன்றின் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறந்த அறிவியலாளர்களை அறிவுரையாளர்களாகச் சேர்ப்பதும் அவரது பணிகளுள் ஒன்று.

அப்போது பிரின்ஸ்டன் நகரில் வாழ்ந்துவந்த ஐன்ஸ்டைன் படைத்துறைப் பணி எதிலும் சேர்க்கப்படவில்லை. அமைதிவாதியான அவர் இத்தகைய பணியை ஏற்கமாட்டார் என்னும் எண்ணம் பரவியிருந்தது. அவரது அரசியல் கருத்துகள்மீது பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஐயமும் இருந்தது. பிறர் கூறியதைக் கேட்டு முடிவுசெய்யாமல், புருனாயர் 1943இல் பிரின்ஸ்டனுக்கு நேரில் சென்று ஐன்ஸ்டைனிடமே கேட்டார். ஐன்ஸ்டைன் மகிழ்ச்சியுடன் இசைந்தார். நாளொன்றுக்கு 25 டாலர் ஊதியத்தில் அவர் கடற்படையின் அறிவுரையாளரானார். கேட்டுப் பார்க்கும் துணிவு ஒருவருக்கு இருந்ததால், ஊகத்தின் பேரில் ஒதுக்கப்பட்டிருந்த பேரறிஞரின் உதவி நாட்டுக்குக் கிடைத்தது.

ஐயத்தின் காலம்

போர் முடிந்தபின் அமெரிக்காவில் பொதுவுடைமையர்மீதான அச்சம் பெருகியது. 1950இல் மேலவை உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி, அரசுப் பணியில் உள்ள பலர் நாட்டுப்பற்று அற்றவர்கள் எனக் குற்றம் சாட்டினார். அவர் பெயர் சொல்லிச் சாட்டியவர்களுள் வெளியுறவுத் துறையில் பணியாற்றிய எஸ்தர் புருனாயரும் ஒருவர். பன்னாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ உருவாவதற்கு உழைத்தவர் அவர். மேலவையின் குழு ஒன்று விசாரித்து, மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை என அறிக்கை அளித்தது. ஆயினும், எழுந்த ஐயம் அடங்கவில்லை.

1951இல் கணவர், மனைவி இருவரும் தத்தம் பணிகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். இளமையில் சில காலம் ஓர் அமைப்பில் இருந்ததைப் புருனாயர் மறைத்தவரல்லர். அதன்பின் அவர் பொதுவுடைமைக் கொள்கைக்கு எதிரான நிலையையே கொண்டிருந்தார். போர்க்காலத்தில் கடற்படையின் கமுக்கச் செய்திகளைக் காத்து உழைத்திருந்தார். இவை எவையும் போதுமானவையாகக் கருதப்படவில்லை. அவ்வாண்டே அவர் கடற்படைப் பணியைத் துறந்தார். மறு ஆண்டில் எஸ்தர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒரு கிராம் தூளின் பரப்பைச் சொல்வதற்கு முன் ஐந்தாறு வளிமங்களால் சோதித்தறிந்த ஒருவரின் நாட்டுப்பற்று, சான்று எதுவும் மெய்ப்பிக்கப்படாமலேயே மறுக்கப்பட்டது.

சிமெண்டின் நுண்துளைகள்

புருனாயர் சோர்ந்துவிடவில்லை. குடும்பம் வாசிங்டனை விட்டுச் சிகாகோ பகுதிக்குக் குடிபெயர்ந்தது. போர்ட்லாந்து சிமெண்ட் கழகத்தின் ஆய்வகத்தில் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றார். இரும்பு வினைவேகமாற்றியையும் வெடிபொருளையும் ஆராய்ந்தவருக்குச் சிமெண்ட் புதிய பொருள்; ஆனால் அதனுள் இருந்தவை அவர் நன்கறிந்த நுண்துளைகளே.

சிமெண்ட் நீருடன் கலந்து இறுகும்போது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் கூழ்மம் உருவாகிறது. அதன் நுண்துளைகளே கற்காரையின் வலிமையையும், நீர் கசியும் தன்மையையும், நீடித்துழைக்கும் திறனையும் தீர்மானிக்கின்றன. அத்துளைகளை அளந்தபோது நீராவி காட்டிய பரப்பைவிட நைட்ரஜன் காட்டிய பரப்பு குறைவாக இருந்தது. சில துளைகளின் வாயில்கள் நைட்ரஜன் நுழைய இயலாத அளவு குறுகியிருப்பதே இதற்குக் காரணம் எனப் புருனாயர் கருதினார். எந்த மூலக்கூற்றைக் கொண்டு அளக்கிறோமோ, அது எட்டும் இடத்தையே அளவு காட்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. அங்குப் பணியாற்றிய காலத்திலேயே, 1959இல், இன்னல்களை உடன் தாங்கிய எஸ்தர் மறைந்தார்.

1965இல் புருனாயர் நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவரானார். அறுபது வயதைக் கடந்த நிலையிலும் அவரது ஆய்வு தளரவில்லை. கெல்வின் சமன்பாடு, 2 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துளைகளுக்குப் பொருந்துவதில்லை. ஒருசில மூலக்கூறுகளே நிற்கத்தக்க அவ்விடத்தில் திரவத்திற்குரிய இயல்புகளை எதிர்பார்க்க இயலாது. இக்குறையைப் போக்க, மிக்கைல், போடார் ஆகியோருடன் இணைந்து 1968இல் புதிய முறை ஒன்றை வெளியிட்டார். சுவர்களில் படியும் அடுக்கின் தடிமன் கூடக்கூட, குறுகிய துளைகள் முதலில் நிரம்பிவிடுகின்றன. எஞ்சிய பரப்பு படிப்படியாகக் குறைகிறது. ஒவ்வொரு படியிலும் குறையும் பரப்பைக் கணக்கிட்டு, அப்படியில் நிரம்பிய துளைகளின் அளவை அறிவதே அம்முறையாகும்.

நிலைத்த அளவை

ஸ்டீபன் புருனாயர் 1986இல் மறைந்தார். வினைவேகமாற்றிகள், மருந்துத் தூள்கள், செயலூட்டப்பட்ட கரி, மின்கலப் பொருள்கள் ஆகியவற்றை ஆராயும் கூடங்களில் அம்மூவரின் சமன்பாடு இன்றும் நாள்தோறும் பயன்படுகிறது. திரவ நைட்ரஜன் நிரம்பிய குடுவைக்குள் கண்ணாடிக் குழாய் இறங்குகிறது. கருவி அழுத்தங்களைக் குறித்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் பரப்பும் துளையளவுகளின் பகிர்வும் திரையில் தோன்றுகின்றன.

அவரது நாட்டுப்பற்றை ஐயுற்றவர்களின் கூற்றுகள் காலப்போக்கில் மதிப்பிழந்தன. யாரும் எங்கும் மீண்டும் செய்து சரிபார்க்கத்தக்கதாக அவர் விட்டுச்சென்ற அளவை, எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்கிறது.